ஃபெயிலோவர் தீர்க்காத பழுதுகள்

தரமணியிலும் அம்பத்தூரிலும் சர்வர் பராமரிப்புப் பணியில் இருந்த ஆண்டுகளில், ஒரு சர்வர் விழுந்தாலும் சேவை நிற்காதபடி சர்வர்களைக் கூட்டாக இயக்கும் ஹை அவைலபிலிட்டி கிளஸ்டரை நிறுவுவதைவிட, அது காத்து நிற்கும் அப்ளிகேஷன் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அறிவதே கடினம் என்பதைக் கண்டிருக்கிறேன். நோடுகள் எனப்படும் இரண்டு சர்வர்கள், இரண்டுக்கும் பொதுவான ஸ்டோரேஜ், அப்ளிகேஷன் எந்த நோடில் ஓடினாலும் பயனர் வந்து சேரும் ஒரு விர்ச்சுவல் ஐபி முகவரி என்பதே பெரும்பாலும் அமைப்பு. ஒரு நோடு விழுந்தால் மற்றது வேலையை ஏற்றுக்கொள்வதே ஃபெயிலோவர். சர்வரே விழும் நாள்கள் குறைவு. சர்வர் நன்றாக இருக்க, அதன்மேல் ஓடும் அப்ளிகேஷன் மட்டும் திணறும் நாள்களே அதிகம். சேவை 99.99 சதவீத நேரம் கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், அது நின்றிருக்க ஆண்டு முழுவதற்கும் கையில் இருப்பது ஏறக்குறைய 53 நிமிடங்கள்தாம். காரணத்தைத் தேடுவதிலேயே அதில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

கிளஸ்டர் தன் பொறுப்பில் உள்ள டேட்டாபேஸ், ஃபைல் சிஸ்டம், ஐபி போன்ற ஒவ்வொரு ரிசோர்ஸையும் குறித்த இடைவெளியில் கேள்வி கேட்கிறது. விண்டோஸ் ஃபெயிலோவர் கிளஸ்டரில் 5 விநாடிக்கு ஒரு மேலோட்டமான சோதனையும் 60 விநாடிக்கு ஓர் ஆழமான சோதனையும் பொதுவான இயல்பமைப்பு. லினக்ஸில் பேஸ்மேக்கர் என்ற கிளஸ்டர் மென்பொருள், ரிசோர்ஸ் ஏஜென்ட் என்னும் ஸ்கிரிப்டை ஓட்டி, அது தரும் விடையை அப்படியே நம்புகிறது. ஆகவே அந்த ஸ்கிரிப்ட் எதைக் கேட்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. புராசஸ், அதாவது ஓடும் நிரல், இருக்கிறதா என்று மட்டும் கேட்டால், உறைந்து நிற்கும் புராசஸும் ‘இருக்கிறேன்’ என்றே சொல்லும்.

ஓர் இரவு ஷிப்டில் இருந்த இளைஞர் போனில் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “சார், ரெண்டு நோடும் ஆன்லைன்லதான் இருக்கு, ரிசோர்ஸ் எல்லாம் ஸ்டார்ட்டட்னுதான் காட்டுது. ஆனா கஸ்டமர் உள்ளயே போக முடியலங்கிறாங்க.” ஆரக்கிள் டேட்டாபேஸின் அலர்ட் லாகைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. டேட்டாபேஸ் மாற்றங்களின் பதிவுகளான ஆர்க்கைவ் லாகுகள் சேரும் இடம் நிரம்பிவிட்டது. சாதாரணப் பயனர்கள் ஓஆர்ஏ-00257 பிழையுடன் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆனால் கண்காணிப்பு ஸ்கிரிப்ட் அட்மின் உரிமையுடன் உள்ளே நுழைவதாக எழுதப்பட்டிருந்தது. அந்த நிலையிலும் டேட்டாபேஸ் அட்மினை அனுமதிக்கும் என்பதால் ஒவ்வொரு சோதனையும் தேறிக்கொண்டே இருந்தது.

சாதாரணக் கணக்கில் நுழைந்து ஒரு வரியை எழுதிப் பார்க்கும்படி ஸ்கிரிப்டை மாற்றினால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். அப்படி மாற்றியிருந்தால் கிளஸ்டர் பழுதைக் கண்டுபிடித்திருக்கும், ஆனால் தீர்த்திருக்காது. பேஸ்மேக்கரின் இயல்பமைப்பில் அதே நோடில் டேட்டாபேஸை மீண்டும் மீண்டும் அணைத்து ஏற்றிக்கொண்டிருக்கும். தோல்விக்கு வரம்பு வைத்திருந்தால் மற்ற நோடுக்குத் தூக்கிச் செல்லும். அங்கும் அதே ஸ்டோரேஜ், அதே நிரம்பிய இடம். தரவோடு சேர்ந்து பயணம் செய்யும் பழுதை ஃபெயிலோவர் ஒருபோதும் நீக்காது. எனவே ஸ்கிரிப்டை ஆழப்படுத்தியதோடு, இடம் 80 சதவீதத்தைத் தொட்டதுமே மனிதருக்கு அலர்ட் போகும்படி கிளஸ்டருக்கு வெளியே தனி ஏற்பாடு செய்தோம்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. நள்ளிரவு பேக்கப் ஓடும்போது டிஸ்க் நெருக்கடியில் சோதனை தாமதமாகிறது; டைம்அவுட் என்னும் காத்திருப்பு வரம்பு கடந்ததும் கிளஸ்டர் அதைத் தோல்வியாகவே எடுத்துக்கொண்டு அப்ளிகேஷனை நிறுத்த முயல்கிறது. நிறுத்தமும் நேரத்துக்குள் முடியாவிட்டால் அந்த நோடையே ஃபென்சிங் மூலம் மின்சாரம் துண்டித்து அணைத்துவிடும். காலையில் கேட்பவருக்கு இது வெறித்தனமாகத் தெரியும். இரண்டு நோடுகள் ஒரே டிஸ்கில் ஒரே நேரத்தில் எழுதினால் தரவு சிதைந்துவிடும் என்பதால், கிளஸ்டர் செய்தது சரியே. திருத்த வேண்டியது டைம்அவுட்டை. ஃபென்சிங்கை முடக்குவதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன்.

பழுது வந்ததும் கைகள் முதலில் தேடுவது கிளீனப் கமாண்டை. அது தோல்வி எண்ணிக்கையைத் துடைத்துவிடும். எந்த ரிசோர்ஸ், எந்த நோடில், எத்தனை முறை விழுந்தது என்ற தடயமும் கிளஸ்டரின் பார்வையிலிருந்து மறைந்துவிடும். முதலில் அந்த நிலையை ஒரு கோப்பில் சேமித்து, இரண்டு நோடுகளின் லாகுகளையும் நேர வரிசையில் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். இரண்டின் கடிகாரங்களும் ஒத்துப்போகாவிட்டால் எது காரணம், எது விளைவு என்பதே தலைகீழாகிவிடும். கடைசியில் அலறும் ரிசோர்ஸைவிட, அதற்குக் கீழே முதலில் மௌனமான ஃபைல் சிஸ்டமோ ஐபியோதான் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

மாற்றாகக் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை நோடை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்குப் பெருங்கவலை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் பலரால் அலுவலகம் வந்து சேரவே முடியவில்லை. அப்படிப்பட்ட நாளில் ஸ்டாண்ட்பை எழாவிட்டால் அருகில் சென்று பார்க்கவும் ஆளிருக்காது. ஆகையால் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாடிக்கையாளரின் ஒப்புதலுடன் அப்ளிகேஷனை மற்ற நோடுக்கு மாற்றி, ஒரு வாரம் அங்கேயே ஓடவிடும்படி வற்புறுத்துவேன். முதல் நோடின் பெயருக்கு மட்டும் வாங்கிய லைசென்ஸ், ஒரு பக்கம் மட்டும் மாற்றிய பாஸ்வேர்ட் கோப்பு, ஸ்டோரேஜை இணைக்க ஒரு நோடில் மட்டும் உருவாக்கிய மவுன்ட் டைரக்டரி ஆகியவையெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அகப்பட்டிருக்கின்றன.