பாளையங்கோட்டையிலிருந்து ஒரு நல்கை விண்ணப்பம்

சிறுகதை, கவிதை, நாட்டார் வழக்காறு என்று ஆண்டுக்குச் சில நூல்களை மட்டும் கொண்டுவரும் எங்களைப் போன்ற சிறு பதிப்பகங்களுக்கு, நல்கை, அதாவது திருப்பித் தர வேண்டாத நிதியுதவி என்றதும் ஏதோ ஒரு நூலுக்குக் கிடைக்கும் பணம்தான் நினைவுக்கு வரும். 2023 ஜனவரியில் சென்னையில் முதன்முறையாக நடந்த பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியையொட்டித் தமிழ்நாடு அரசு அறிவித்த மொழிபெயர்ப்பு நல்கையும் அத்தகையதே. அதில் நூல் வெளிவந்ததும் பணமும் முடிந்துவிடும். கிடங்கின் ஒழுகல், எழுதப்படாத கணக்கு, ஊதியமில்லாமல் மெய்ப்புப் பார்ப்பவரின் (அச்சுக்கு முன் பிழை திருத்துபவரின்) களைப்பு ஆகியவை அப்படியே இருக்கும். திறன் மேம்பாட்டு நல்கை என்பது பதிப்பகம் என்ற அமைப்பே நிமிர்ந்து நிற்பதற்காகத் தரப்படுவது. கலை இலக்கியத்துக்கு உதவும் தனியார் அறக்கட்டளை ஒன்றின் அழைப்பு கண்ணில் பட்டு, பாளையங்கோட்டையிலிருந்து நாங்கள் விண்ணப்பித்த அனுபவத்தை, இதே நிலையில் இருக்கும் பதிப்பாளர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது தகுதி. பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பிற அமைப்புகள் வழியாகச் செலவிடும்போது, அந்த அமைப்புகள் 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 என்ற படிவத்தின் வழியே மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். தனிநபர் உரிமையில் நடக்கும் பதிப்பகம் அந்தப் பதிவைப் பெற முடியாது. வெளிநாட்டுப் பணமென்றால் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. இந்த இரண்டு வழிகளும் எங்களுக்கு இல்லை என்று ஆடிட்டர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். நாங்கள் கண்ட அழைப்பு சிறு நிறுவனங்களையும் ஏற்றுக்கொண்டது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவுச் சான்றிதழ் போதும் என்றது. அந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. அரசின் இணையதளத்தில் ஆதாரையும் பான் எண்ணையும் கொண்டு நாமே செய்துகொள்ளலாம். இதற்கென்று பணம் கேட்பவர்களிடம் போக வேண்டியதில்லை.

படிவத்தில் ஜிஎஸ்டி எண்ணுக்கு ஒரு கட்டம் இருந்தது. அச்சிட்ட நூல்களுக்கு வரி இல்லை என்பதாலும், வரிவிலக்குப் பெற்ற பொருள்களை மட்டும் விற்பவர் பதிவு செய்ய வேண்டியதில்லை என்று சட்டமே சொல்வதாலும், எங்களுக்கு அந்த எண் இல்லை. கட்டத்தை வெறுமனே விட்டால் விண்ணப்பம் முழுமையற்றது என்று ஒதுக்கப்படலாம் என்பதால், ஆடிட்டரின் முகவரித் தாளில் இந்தக் காரணத்தை ஒரு பத்தியாக எழுதி வாங்கி இணைத்தோம். சிறு பதிப்பாளர்கள் இந்தக் கடிதத்தை எப்போதும் கைவசம் வைத்திருப்பது நல்லது.

விண்ணப்பத்தின் உயிர் இருக்குமிடம் ‘உங்கள் தேவை என்ன’ என்ற கேள்வி. ‘தமிழ் இலக்கியத்தை வளர்ப்பது’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. நாங்கள் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையிலிருந்து தொடங்கினோம். தாமிரபரணி கரைமீறித் திருநெல்வேலியின் வண்ணாரப்பேட்டை, கொக்கிரகுளம், சந்திப்புப் பகுதிகளுக்குள் புகுந்தபோது, தரைத்தளத்தில் அடுக்கியிருந்த எங்கள் புத்தகக் கட்டுகளும் நனைந்தன. நீர் வடிந்தபின் பிரித்துப் பார்த்தால், நூல் அச்சிடும் மேப்லித்தோ தாள் ஊறி முதுகுப்பக்கம் வெடித்திருந்தது. அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளம் பாளமாக வந்தன. எவ்வளவு இழப்பு என்று கேட்டவர்களுக்கு ஒரு தொகையைச் சொல்ல எங்களிடம் கணக்கேடு இல்லை. ஏனென்றால் சிறு பதிப்பகத்தின் இருப்பு ஓரிடத்தில் இருப்பதில்லை. வீட்டில் கொஞ்சம் இருக்கும். விற்றபின் பணம் என்ற ஏற்பாட்டில் மதுரை, கோவை, சென்னைக் கடைகளில் கொஞ்சம் இருக்கும். பைண்டிங் செலவைத் தள்ளிப்போடுவதற்காகச் சிவகாசியில் பைண்டரிடம் ஃபாரங்களாகவே (அச்சிட்டும் தைக்காத தாள்களாகவே) விட்டுவைத்தது கொஞ்சம் இருக்கும். இந்த மூன்றையும் ஒரே பதிவேட்டில் கொண்டுவரும் மென்பொருள், தரையிலிருந்து உயர்த்திய இரும்பு அடுக்குகள், பதிவேட்டைப் பராமரிக்க ஓர் ஆள் என்று எழுதியபோது தேவை கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைப் பெற்றது.

அடுத்து அவர்கள் கேட்டது நூலாசிரியர்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்களின் பட்டியல். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் வாய்ச்சொல்தான். ஆனால் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுமைக்கும் என்றும் கொள்ளப்படும். மின்னூலோ மறுபதிப்போ கொண்டுவர இந்தக் காகிதம் இல்லாமல் முடியாது. கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் எங்கள் மூத்த எழுத்தாளர் ஒருவரிடம் ஒப்பந்தப் படியைக் கொடுத்தபோது, “நமக்குள்ள என்னத்துக்கு தம்பி பத்திரமெல்லாம்?” என்றார். “உங்களுக்குப் பெறகு பிள்ளைகளுக்கு ராயல்டி போகணும்லா ஐயா, அதுக்குத்தான்” என்று சொன்னதும் கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொரு வரியாகப் படித்து, இரண்டு இடங்களில் திருத்தமும் சொல்லிக் கையெழுத்திட்டார். அந்தத் திருத்தங்கள் நியாயமானவை. இப்போது எங்கள் பொது மாதிரியிலேயே அவை இடம்பெற்றிருக்கின்றன.

பழைய கோப்புகள் பற்றியும் விரிவாக எழுதினோம். எங்கள் தொடக்ககால நூல்கள் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், ஒருங்குறி (யூனிகோட்) அல்லாத எழுத்துருக்களில் அமைக்கப்பட்டவை. எழுத்துரு மாற்றியில் போட்டால் முக்கால்வாசி சரியாக வரும், மீதிதான் தொல்லை. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியும் ளகரமும் ஒரே விசையில் இருந்ததால் ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ என்று மாறி நிற்கும்; கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடினால் கிடைக்காது. எனவே மாற்றிய பிறகு முழு நூலுக்கும் மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டும். ஒரு நூலுக்கு ஆகும் மெய்ப்புக் கூலியைக் கணக்கிட்டு, எத்தனை பழைய நூல்கள் என்பதையும் சேர்த்துக் காட்டியபோது இந்தத் தலைப்பு மறுப்பின்றி ஏற்கப்பட்டது.

அஞ்சல் செலவை வரவுசெலவுத் திட்டத்தில் சேர்க்கலாமா என்ற தயக்கம் இருந்தது, சேர்த்தோம். சிறு பதிப்பகத்தின் நேரடி வாசகர்களைப் பெரிதும் தாங்கி நின்ற பதிவு நூல் அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 2025 மே முதல் நாளில் வந்த ஞான் போஸ்ட் 300 கிராம் வரை 20 ரூபாயிலும், ஐந்து கிலோ வரை 100 ரூபாயிலும் நூல்களை எடுத்துச் செல்கிறது, வரி தனி. இந்த மாற்றங்களை எழுதி, நேரடி விற்பனைக்கான பொதிகட்டும் வசதியைக் கேட்டோம்.

மிக முக்கியமானது ஊதியம். நம்மில் பலரது பதிப்பகங்கள் மனைவி, கணவன், நண்பர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஆகியோரின் கூலியில்லா உழைப்பில் நடக்கின்றன. அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அன்பினால் செய்வதற்கு விலை போடலாமா என்று எங்களுக்குள்ளும் பேச்சு வந்தது. போட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அந்த மணிநேரங்களை மறைத்துவிட்டால், ஒரு நூலின் உண்மையான அடக்கவிலை நமக்கே தெரியாமல் போகும். நல்கை தருபவருக்கும் இந்தத் தொழில் ஏதோ தானாக நடப்பதுபோலத் தோன்றும். நாங்கள் பகுதிநேரப் பணியாளர் ஒருவருக்கான மாதச் சம்பளத்தையும், வெளியே மெய்ப்புப் பார்ப்பவருக்கான பக்கக் கூலியையும் தனித்தனித் தலைப்புகளில் காட்டினோம்.

நேர்காணல் காணொளி வழியே நடந்தது. நல்கைக் காலம் முடிந்தபின் இந்தச் சம்பளத்தை எதிலிருந்து கொடுப்பீர்கள் என்பதுதான் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது. பொது நூலகங்களுக்கு அரசு நூல் வாங்கும் நூலக ஆணையை நம்பி என்று பதில் சொல்ல முடியாது. அது வரும் ஆண்டும் உண்டு, வராத ஆண்டும் உண்டு. மின்னூல் வருவாய், நேரடிச் சந்தா, நெல்லையில் நடக்கும் பொருநை புத்தகத் திருவிழா விற்பனை ஆகியவற்றைப் பிரித்துக் காட்டி, முழுச் சம்பளத்தையும் இவை தாங்காது, பாதியைத் தாங்கும் என்று உள்ளபடியே சொன்னோம்.

நல்கை கிடைத்தது, கேட்டதில் ஒரு பகுதி, இரண்டு தவணைகளில். இரும்பு அடுக்குகளும் மென்பொருளும் பழைய நூல் மாற்றமும் ஏற்கப்பட்டன. சம்பளம் ஓராண்டுக்கு மட்டும். பொதிகட்டும் வசதி நீக்கப்பட்டது. இதற்கெனத் தனி வங்கிக் கணக்கு தொடங்கினோம். பில்களை அன்றன்றே எண்ணிட்டுக் கோக்கிறோம், ஏனெனில் பணம் உரிய வகையில் செலவானது என்று ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் சென்றால்தான் இரண்டாம் தவணை வரும். தனிநபர் பெயரில் பதிப்பகம் நடத்துபவர்கள், இந்தத் தொகையை வருமானவரிக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்பதைப் பணம் வருமுன்பே ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த அழைப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கும் நம் பக்கத்துப் பதிப்பாளர்களுக்கு எங்கள் இருப்புப் பதிவேட்டின் அமைப்பையும் ஒப்பந்த மாதிரியையும் தருகிறோம். அவரவர் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம்.