பெரியமேட்டில் ஐந்து நாள்: தேசியத் தடகளம் பார்க்கப் போகிறவர்களுக்கு

சென்னை சென்ட்ரலில் இறங்கினால் நேரு ஸ்டேடியத்துக்கு ஆட்டோ தேவையில்லை. ரிப்பன் மாளிகைக்குப் பின்புறம், ராஜா முத்தையா சாலையில் இருக்கிறது. பெட்டி படுக்கை இல்லையென்றால் நடந்தே போய்விடலாம். மெட்ரோவில் வருகிறவர்கள் 'நேரு பூங்கா' என்ற பெயரைப் பார்த்து அங்கே இறங்கிவிடாதீர்கள். அது வேறு இடம், எழும்பூரையும் தாண்டி. சென்ட்ரல் மெட்ரோவில் இறங்குவதுதான் சரி. தங்குவதற்குப் பெரியமேட்டிலும் எழும்பூரிலும் சின்ன லாட்ஜ்கள் நிறைய உண்டு. ஆனால் போட்டி நாட்களில் வெளிமாநில அணிகளும் இந்தப் பக்கம்தான் அறை தேடும் என்பதால் முன்பதிவு செய்துகொண்டு வருவது நல்லது.

மாநிலங்களுக்கு இடையிலான தேசிய சீனியர் தடகளம் இங்கே 2022 ஜூன் 10 முதல் 14 வரையும், 2025 ஆகஸ்ட் 20 முதல் 24 வரையும் நடந்தது. இரண்டுமே ஐந்து நாள் போட்டி. ஐந்து நாளும் உட்கார முடியாதவர்கள் முதல் நாளை விட்டுவிடலாம். அன்று பெரும்பாலும் ஹீட்ஸ் எனப்படும் முதல் கட்டச் சுற்றுகள்தான். கடைசி இரண்டு நாட்களின் மாலை வேளையை மட்டும் தவறவிடக் கூடாது. வெயிலுக்காக நெடுந்தூர ஓட்டங்களைக் காலையிலோ இருட்டிய பிறகோ வைப்பார்கள். காலையில் வைத்துவிட்டால், பத்து மணிக்கு நிதானமாக வருகிறவர் பத்தாயிரம் மீட்டரைப் பார்க்கவே முடியாது. கால அட்டவணையை முந்தின இரவே ஒருமுறை சரிபாருங்கள், மாற்றுவார்கள். தேசியப் போட்டிகளுக்கு வழக்கமாக டிக்கெட் கிடையாது. தண்ணீரும் தொப்பியும் அவசியம், ஒரு சின்ன பைனாகுலர் இருந்தால் இன்னும் நல்லது.

எங்கே உட்காருவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஃபினிஷ் கோட்டுக்கு நேராக இடம் பிடித்தால் எல்லாம் தெரியும் என்று நினைப்பு. நூறு மீட்டர் வெற்றியாளர் யார் என்பது அங்கிருந்தும் தெரியாது. முடிவைச் சொல்வது ஃபோட்டோ ஃபினிஷ் கேமரா, அதுவும் தலையையோ கையையோ பார்க்காமல் மார்புப் பகுதியை மட்டும் பார்த்து. நானூறு மீட்டருக்குக் கடைசி வளைவு முடிகிற இடம் உத்தமம். ஓட்டம் தொடங்கும்போது வெளிப்பாதைக்காரர் வெகுதூரம் முன்னால் நிற்பது போலத் தெரியும், அதை நம்பக் கூடாது. முன்னூறு மீட்டர் கடந்து எல்லோரும் நேர்ப்பாதைக்குள் நுழையும்போதுதான் யார் முன்னிலை என்பது கண்ணுக்குப் புலப்படும். 2025இல் இங்கே தமிழ்நாட்டின் விஷால் 45.12 விநாடியில் ஓடி, முகமது அனஸ் 2019இல் வைத்திருந்த 45.21 என்ற தேசிய சாதனையை உடைத்தார். நானூறு மீட்டரில் காற்று அளப்பதில்லை. முழுச் சுற்று ஓடும்போது ஒரு பக்கம் தள்ளுகிற காற்று மறுபக்கம் முகத்தில் அறையும். அதனால் அந்த 45.12க்குப் பக்கத்தில் காற்றுக் குறிப்பு எதுவும் இல்லை.

வேறு சில போட்டிகளில் அந்தக் காற்றுக் குறிப்புதான் எல்லாம். நூறு, இருநூறு, குறுந்தூரத் தடை ஓட்டம், நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதல் ஆகியவற்றில் முடிவுத் தாளில் நேரத்துக்கும் தூரத்துக்கும் அருகில் காற்றின் வேகம் அச்சாகியிருக்கும். பின்னாலிருந்து விநாடிக்கு 2.0 மீட்டர் வரை வீசினால் சாதனைக்குக் கணக்கு. 2.1 ஆனால் கணக்கில்லை. ஆனால் பதக்கம் உண்டு. இந்த ஒன்று புரியாவிட்டால் மறுநாள் பேப்பரில் வரும் பதக்கப் பட்டியலைப் படித்தும் பயனில்லை.

கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் தேஞ்ஞிப்பலம் மைதானத்தில் 2022 ஏப்ரலில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை என்ற தேசியப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் தாண்டுதலில் தூத்துக்குடி மாவட்டத்து ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.37 மீட்டர். கேரளத்தின் முரளி ஸ்ரீசங்கர் 8.36. தங்கம் ஜெஸ்வினுக்கு, தேசிய சாதனை ஸ்ரீசங்கருக்கு! ஜெஸ்வின் தாண்டியபோது காற்று 4.1. பக்கத்திலிருந்த ஸ்ரீசங்கரின் தாண்டல் வரம்புக்குள் இருந்தது. அதே போட்டியில் பெண்கள் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் ஜோதி யர்ராஜி 13.09 விநாடி ஓடினார். அனுராதா பிஸ்வாலின் 13.38 என்ற 2002ஆம் ஆண்டுச் சாதனையை அது அநாயாசமாக உடைத்திருக்கும். காற்று 2.1 என்று காட்டியது, போயிற்று. அடுத்த மாதமே சைப்ரஸின் லிமசோல் நகரில் 13.23 ஓடிச் சாதனையை எடுத்துக்கொண்டார். ஓடியது மெதுவாக, பெயர் பதிந்தது அங்கே.

காற்றுமானி எங்கே இருக்கிறது என்று கேலரியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். நேர்ப்பாதையில் ஃபினிஷ் கோட்டிலிருந்து 50 மீட்டர் தள்ளி, டிராக்கின் ஓரமாக, இடுப்புக்குச் சற்று மேலே, 1.22 மீட்டர் உயரத்தில் நிற்கும். தாண்டல் போட்டிகளில் மிதிபலகைக்கு 20 மீட்டர் முன்னால். நூறு மீட்டருக்குத் துப்பாக்கி சுட்டதிலிருந்து 10 விநாடி, தடை ஓட்டத்துக்கு 13 விநாடி, நீளம் தாண்டுதலுக்கு 5 விநாடி என்று அளந்து சராசரி எடுப்பார்கள். அதனால் வீரர் ஓடத் தொடங்கியதும் கொடி படபடப்பதைப் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். நீளம் தாண்டுதலில், மிதிபலகையிலிருந்து 40 மீட்டர் தொலைவிலுள்ள குறியை அவர் கடந்த பிறகு வரும் அந்த ஐந்து விநாடிதான் பேசும். சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று நுழைந்து திசை மாறும். ஒரே போட்டியின் ஹீட்ஸ் காலையிலும் ஃபைனல் மாலையிலும் நடந்தால் இரண்டு நேரங்களையும் அப்படியே ஒப்பிட முடியாது.

நீளம் தாண்டுதலுக்கும் மும்முறைக்கும் மணல் குழிக்கு அருகே போய்விடுங்கள், அதுவும் மிதிபலகை தெரிகிற பக்கம். ஷூவின் நுனி பலகையின் முன்விளிம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தாலே இப்போது ஃபவுல். முன்பு போல விளிம்போரத்துக் களிமண் பட்டையில் தடம் விழுந்ததா என்று பார்ப்பதில்லை. பலகையின் அகலம் 20 சென்டிமீட்டர். அதில் பின்னால் மிதித்தவர் இழந்த தூரம் யார் கணக்கிலும் சேராது. விளிம்பிலிருந்துதான் அளப்பார்கள். 2022இல் இங்கே நீளம் தாண்டுதலில் ஸ்ரீசங்கர் 8.23, முகமது அனீஸ் யஹியா 8.15, ஜெஸ்வின் 8.14. முதலிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் ஒன்பது சென்டிமீட்டர்தான் வித்தியாசம். யார் எங்கே மிதித்தார்கள் என்று பார்க்காமல் இதை அலசுவதில் அர்த்தமே இல்லை.

அதே நாட்களில் மும்முறைத் தாண்டுதலில் தஞ்சைக்காரர் பிரவீண் சித்ரவேல் 17.18, அப்துல்லா அபூபக்கர் 17.14. கேலரியில் தமிழ் ஆரவாரம் அடங்கவே சில நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் சென்னையின் முதல் இரண்டு இடத்தில் இல்லாத எல்தோஸ் பால் 17.03 தாண்டித் தங்கம் வென்றார். அப்துல்லா 17.02, வெள்ளி. பிரவீண் நான்காவது. தேசியப் பதக்கப் பட்டியலை வைத்து அடுத்த போட்டிக்கு ஜோசியம் சொல்கிறவர்களிடம் காட்ட வேண்டிய கணக்கு இது.

தகுதிச் சுற்று விஷயத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. 2023 ஜூனில் புவனேஸ்வர் கலிங்கா மைதானத்தில் இதே மாநிலங்களுக்கு இடையிலான போட்டியின் தகுதிச் சுற்றிலேயே ஸ்ரீசங்கர் 8.41 தாண்டினார். காற்று 1.5, சுத்தமான தாண்டல். அந்த ஆண்டு மார்ச்சில் ஜெஸ்வின் வைத்த தேசிய சாதனையான 8.42க்கு ஒரு சென்டிமீட்டர் குறைவு. ஆனால் ஃபைனலுக்கு அந்த 8.41ஐத் தூக்கிக்கொண்டு போக முடியாது. எல்லோரும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குவார்கள். ஃபைனலில் முதல் மூன்று முயற்சிக்குப் பின் எட்டுப் பேர் மட்டும் இன்னும் மூன்று முயற்சி பெறுவார்கள். ஒரே தூரம் வந்தால் இரண்டாவது சிறந்த தாண்டலைப் பார்ப்பார்கள். பர்மிங்காமில் ஸ்ரீசங்கரும் பஹாமாஸ் வீரரும் 8.08 என்று சமமாக நின்றபோது தங்கம் அவரை விட்டுப் போனது அப்படித்தான். எனவே நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஆறு கட்டம் போட்டு எல்லா முயற்சியையும் குறியுங்கள், சிறந்ததை மட்டும் அல்ல. குண்டு எறிதலுக்கும் இதே முறைதான்; புவனேஸ்வரில் தஜிந்தர்பால் சிங் தூர் 21.77 எறிந்து ஆசிய சாதனை வைத்ததும் அந்த 2023 போட்டியில்தான்.

ஓட்டங்களின் ஹீட்ஸ் தாளில் பெரிய க்யூ (Q), சின்ன க்யூ (q) என்று இரண்டு குறிகள் இருக்கும். பெரியது இடத்தால் தேறியவர், சின்னது நேரத்தால் தேறியவர். பெரிய க்யூ உறுதியானதும் நட்சத்திரங்கள் கடைசி இருபது மீட்டரில் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். அதனால் ஹீட்ஸ் நேரத்தை வைத்து ஃபைனலைக் கணிக்காதீர்கள். துப்பாக்கி சுட்ட 0.100 விநாடிக்குள் அசைந்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட், முதல் முறையே வெளியே. பல போட்டிகள் சேர்ந்த டெகத்லான், ஹெப்டத்லானில் மட்டும் ஒரு முறை மன்னிப்பு.

பனியனைப் பார்த்து ஆளைக் கணிப்பதும் கவனமாகச் செய்ய வேண்டியது. மாநிலங்களுக்கு இடையிலான போட்டியில் எல்லோரும் மாநிலத்துக்காக ஓடுவார்கள். ஓபன் தேசியம் என்ற இன்னொரு தேசியப் போட்டியில் ரயில்வே, சர்வீசஸ் (முப்படைகள்) போன்ற அணிகளும் உண்டு. இங்கே கேரளப் பனியனில் பார்த்தவரை அங்கே சர்வீசஸ் பனியனில் பார்ப்பீர்கள். மாநிலவாரிப் புள்ளியை இரண்டு போட்டிகளுக்கும் இடையே ஒப்பிடுவது வீண் வேலை.

கடைசி ரிலே முடிந்ததும் ரயிலைப் பிடிக்க ஓடாதீர்கள். கோல் கை மாறும் பகுதி 4x100க்கு 30 மீட்டர், 4x400க்கு 20 மீட்டர். அதைத் தாண்டிக் கொடுத்த அணி ஸ்கோர் பலகையில் பெயர் வந்த பிறகும் நீக்கப்படலாம். முடிவு அறிவித்து 30 நிமிடத்துக்குள் முறையீடு செய்ய வழி உண்டு. அந்த அரை மணியும் கழிந்து ஒட்டப்படும் தாளைத்தான் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதுவும் கடைசித் தாள் அல்ல. 2022இல் இதே மைதானத்தில் பெண்கள் மும்முறைத் தாண்டுதலில் 14.14 மீட்டர் பதிவாகி, மயூகா ஜானியின் 14.11 உடைந்தது என்று பத்திரிகைகள் எழுதின. அப்போது எடுத்த மாதிரியில் ஊக்கமருந்து தெரியவந்து, 2023இல் நான்கு ஆண்டுத் தடை விதித்தார்கள். அந்த ஆண்டின் பழைய செய்திகளை இன்று தேடுகிறவருக்கு 14.14 இன்னும் தங்கமாகவே தெரியும். தடைச் செய்தியைத் தனியாகத் தேடிப் படித்தால்தான் கணக்கு நேராகும்.