நூலை நன்றாக அலசாமல் சாயம் நிற்காது

திருப்பூரில் பின்னலாடைத் தரப் பரிசோதனையில் இருப்பவர்களுக்குச் சிவப்பும் வெள்ளையும் அடுத்தடுத்து வரும் பட்டைத் துணியைப் போலக் கவலை தருவது வேறில்லை. ஒரே நிறத் துணியில் சற்றுச் சாயம் போனாலும் உடனே கண்ணில் படாது; நூலிலேயே சாயமேற்றிப் பின்னிய பட்டைத் துணியிலோ முதல் சலவையிலேயே வெள்ளை இளஞ்சிவப்பாகிவிடும். சாயம் நிலைப்பது பெரும்பாலும் சாயமேற்றிய பின் அலசுவதில்தான் இருக்கிறது என்பதே இந்த வேலை எனக்குத் தந்த உறுதியான கருத்து.

பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் 1956-இல் விற்பனைக்கு வந்தவை. உப்பு சாயத்தை நூலில் ஏறச் செய்கிறது; சோடா சேர்த்துக் காரம் உயர்ந்ததும் சாயம் பருத்தியின் செல்லுலோஸுடன் வேதிப்பிணைப்புக் கொள்கிறது. அப்படிப் பிணைந்தது எளிதில் போகாது. ஆனால் ஒரு பங்கு சாயம் தண்ணீருடனேயே வினைபுரிந்து செயலிழந்து, பிணைப்பு ஏதுமின்றி நூலில் ஒட்டி நிற்கிறது. அடர் நிறங்களில் இது அதிகம். வாங்கியவர் வீட்டு வாளியில் இறங்குவது பெரும்பாலும் இந்தச் சாயம்தான்.

உப்பு மிச்சமிருக்கும்வரை இது நூலை விட்டு வராது. ஆகவே முதலில் நன்றாக அலசி உப்பையும் காரத்தையும் குறைத்து, அசிட்டிக் அமிலத்தால் நடுநிலைப்படுத்திய பிறகே கொதிநிலையை ஒட்டிய வெப்பத்தில் சோப்புப் போட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் சோப்பு வீணாகும். நீர் மென்மையாகவும் இருக்க வேண்டும். கடின நீரின் கால்சியமும் மக்னீசியமும் சாயத்தை நூலிலேயே படியவைக்கும். சாயமேற்ற நூலைச் சுற்றிவைக்கும் கோன் இறுக்கமாகச் சுற்றப்பட்டிருந்தால் நீர் உள்ளே சீராகப் புகாததால், வெளிநூல் தேறினாலும் உள்நூல் சாயம் விடும். பரிசோதனைக்குக் கோனின் உள், நடு, வெளி ஆகிய மூன்று இடங்களிலும் நூல் எடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

அலசலைக் குறைத்து, சாயத்தை நூலில் பிடித்துவைக்கும் ஃபிக்சர் என்ற இரசாயனத்தைப் போட்டு ஒப்பேற்றும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. ஃபிக்சர் போட்ட துணி அன்றைய சோதனையில் தேறிவிடும். சில சலவைகளில் அது கழன்றதும் அடியில் இருந்த சாயம் வெளிவரும். சில ஃபிக்சர்கள் வெயிலில் நிறம் வெளுப்பதையும் விரைவுபடுத்துகின்றன. முழுமையாக அலசிய பிறகும் டர்க்காய்ஸ் (பச்சை கலந்த நீலம்) போன்ற பிடிவாதமான நிறங்களுக்கு அது தேவைப்படலாம். அங்கே அதன் இடம் நியாயமானது.

பட்டறைக்காரர்களின் சிரமமும் உண்மையானது. திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பின், கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்தே பயன்படுத்த வேண்டியிருப்பதால், ஒவ்வொரு அலசலுக்கும் செலவு கூடுகிறது. அதற்காக அலசலை வெட்டுவதைவிட, பிணையும் வினைத்தொகுதிகள் இரண்டு இருப்பதால் நூலுடன் அதிகமாகப் பிணையும் இருவினைச் சாயங்களைத் தேர்ந்தெடுப்பது மேல். செயலிழந்து தங்கும் சாயம் குறைவதால் தண்ணீரும் மிச்சமாகும். எந்தச் சாயமானாலும், ஈர நூலை வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்திப் பார்த்து, வெள்ளையில் கறை இல்லையென்றால் மட்டுமே ஒன்றாகச் சாயமேற்றிய அந்த லாட்டைப் பின்னுவதற்கு அனுப்ப வேண்டும்.