கையெழுத்துப் போட்டவர்

"அக்ரிமென்ட் அவங்க பேர்ல இருக்கும்மா. அவங்க சொன்னாத்தான் நான் குடுக்க முடியும்."

இதைத்தான் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. 'ம்மா' போட்டுத்தான் பேசினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவள், "கல்யாணப் பொண்ணு நான்தானேண்ணே" என்றாள். அதற்கு நான், "கோர்ட் ஆர்டர் வாங்கிட்டு வாங்க, தாராளமாத் தர்றேன்" என்று சொன்னதாக ஞாபகம். 'தாராளமா' என்று சொன்னேனா இல்லையா என்பதில்தான் சந்தேகம். சொல்லியிருக்கக் கூடாது.

இது 2024 ஜனவரியில். கல்யாணம் நடந்தது அதற்கு முந்தைய வைகாசி. இரண்டு நாள், டிரெடிஷனல் போட்டோ, கேண்டிட் போட்டோ, வீடியோ, இரண்டு ஆல்பம் எல்லாம் சேர்த்து 1,40,000 ரூபாய் பேசியிருந்தோம். 30 சதவீதம் அட்வான்ஸ், 50 சதவீதம் ரிசப்ஷன் அன்றைக்கு, மீதி ஆல்பம் கொடுக்கும்போது. அந்த மீதி 28,000 எட்டு மாதமாக வரவில்லை. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. செலெக்‌ஷன் கொடுத்தால்தானே ஆல்பம், ஆல்பம் கொடுத்தால்தானே பேலன்ஸ். குழந்தைக்குப் பெயர் வைக்கிற விழாவுக்கு என்னைக் கூப்பிட்டு, அங்கே வைத்துக் கல்யாண ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஜோடிகளும் உண்டு.

இவர்கள் ஒரே ஒரு தடவை சேர்ந்து ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். அவள் படத்தைப் பார்த்துப் பார்த்து நம்பரை எழுதிக்கொண்டிருந்தாள், அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். 140 படம் ஆனதும் மீதியை அடுத்த வாரம் பார்க்கிறோம் என்று கிளம்பினார்கள். அந்தத் தாளை அவள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். போனில் நம்பரோடுதான் கேட்டாள். "4127, 4133, அப்புறம் மேக்கப்புக்கு முன்னாடி நகையை மட்டும் பரப்பி வச்சு எடுத்தீங்களேண்ணே, அந்த நாலு படம்."

எல்லாக் கல்யாணத்திலும் எடுக்கிற படம்தான். கூறைப்புடவையை விரித்து அதன் மேல் ஹாரம், ஒட்டியாணம், வங்கி, நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி, ஓரத்தில் கொஞ்சம் மல்லிகை. ஆல்பத்தில் ஒரு பக்கம் நிரம்பும், எங்களுக்கு அவ்வளவுதான் அதன் மதிப்பு. அவளுடைய அம்மா பக்கத்திலேயே நின்று, நான் எடுத்து முடித்ததும் ஒவ்வொன்றாக எண்ணிப் பெட்டிக்குள் வைத்தார். அந்த நகை இப்போது மாப்பிள்ளை வீட்டு லாக்கரில் இருக்கிறதாம். அப்படி ஒன்றும் போடவே இல்லையே என்கிறார்களாம். வக்கீல் படம் கேட்கிறார், கூடவே நான் கையெழுத்துப் போட்ட 65பி சர்டிஃபிகேட்டும் வேண்டும் என்கிறார் என்றாள். கம்ப்யூட்டரில் இருப்பதைக் கோர்ட்டில் காட்டுவதற்கான சான்றிதழ் அது. அந்த வருடம் ஜூலையில் வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் அது 63ஆவது பிரிவாகிவிட்டது.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் தொழில் பழகிய கடையில் அக்ரிமென்ட் என்ற பேச்சே கிடையாது. வெற்றிலைத் தட்டில் 1,001 ரூபாய், டைரியில் தேதி, முடிந்தது விஷயம். தனியாகக் கடை போட்ட பிறகு நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாய்மாமா வந்து, "என்னைத்தான் வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்று பென்டிரைவை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த வீட்டில் ஏற்கெனவே மொய் விஷயமாக மனஸ்தாபம் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? மூன்று மாதம் அவர் யாருக்கும் தரவில்லை. இரண்டு வீட்டாரும் என் கடை வாசலில் நின்று கத்தினார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டு பக்கத்துக்கு ஒரு அக்ரிமென்ட் தயார் செய்தேன். ஏழாவது வரி: படங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரிடம் மட்டுமே ஒப்படைக்கப்படும். பதினோராவது வரி: ஒப்படைத்த 60 நாட்களுக்குள் அசல் ஃபைல்கள் அழிக்கப்படும். இரண்டையும் எழுதியது நான்தான். யாரையும் ஏமாற்றுவதற்காக எழுதவில்லை. வீடியோவையும் சேர்த்தால் ஒரு கல்யாணத்துக்கு 700 ஜிபி வருகிறது, வருடத்துக்கு 40 கல்யாணம். எத்தனை டிஸ்க்தான் வாங்கி அடுக்குவது?

அதில் கையெழுத்துப் போட்டவர் மாப்பிள்ளையின் அப்பா. நம் பக்கத்தில் அப்படித்தானே. மேலே தலைப்பில் மணமக்கள் பெயர் இருக்கும், கீழே மணமக்கள் இருவரில் ஒருவருடைய கையெழுத்தும் இருக்காது. எனக்கும் அது உறுத்தியதில்லை. பணம் கொடுக்கிறவர் கையெழுத்துப் போடுகிறார், அவ்வளவுதானே என்று இருந்துவிட்டேன்.

ஆக, அவளிடம் போனில் சொன்னது வரைக்கும் நான் சரி. யார் கேட்டாலும் அதுவரைக்கும் சரி என்றுதான் சொல்வேன்.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் செய்தேன். பேலன்ஸ் கேட்கத்தான், மாதம் ஒரு தடவை கேட்பதுதான். அந்தத் தடவை பேச்சோடு பேச்சாக, "பொண்ணு வீட்ல இருந்து படம் கேட்டாங்க சார். உங்களைக் கேக்காமக் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்" என்றும் சொன்னேன். கையெழுத்துப் போட்டவருக்குத் தெரிவிப்பதுதானே முறை. வீட்டிலும் அப்படித்தான் சொன்னேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே, "முறைன்னா அதை மட்டும் சொல்றதுக்குப் போன் பண்ணியிருக்கலாமே, காசு கேக்கும்போது எதுக்குச் சொன்னீங்க?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

எட்டு மாதமாக வராத 28,000 இரண்டாவது நாள் வந்தது. ரொக்கமாக. அவரே நேரில் வந்தார், டீ குடித்தார், மரியாதையாகத்தான் பேசினார். "ஆல்பமெல்லாம் வேணாம் தம்பி. இருக்கிற மொத்தத்தையும் குடுத்திருங்க." அவர் கொண்டுவந்த டிஸ்கில் ரா என்கிற அசல் படங்கள், வீடியோ எல்லாவற்றையும் ஏற்றி முடிக்க இரண்டரை மணி நேரம் ஆனது. அதுவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. முடிந்ததும், "உங்ககிட்ட வேற காப்பி இருக்கா?" என்றார். இருக்கிறது, 60 நாள் வைத்திருப்போம் என்றேன். சட்டைப்பையிலிருந்து அக்ரிமென்ட்டை எடுத்துப் பிரித்தார். இத்தனை வருடத்தில் அந்தத் தாளைத் திரும்பக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தவர் அவர் ஒருவர்தான். பதினோராவது வரியில் விரலை வைத்தார். "60 நாளுக்குள்ளனுதானே போட்டிருக்கீங்க. இன்னைக்கும் 60 நாளுக்குள்ளதானே வருது?"

60 நாட்களுக்குப் பிறகு என்று நான் எழுதியிருக்க வேண்டும். மனதில் இருந்தது அதுதான். 'பிறகு' என்று போட வேண்டிய இடத்தில் 'உள்' என்று போட்டிருக்கிறேன், அதே தாளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன், யாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. அன்றைக்கு, "அது எழுத்துப் பிழை சார்" என்று சொல்லியிருக்கலாம். 28,000 ரூபாய் மேசை மேல் இருக்கும்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

அவர் முன்னாலேயே அழித்தேன். ஃபோல்டரை டெலீட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். பத்து விநாடி ஆகியிருக்கும். எடிட்டிங் பையன் திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் மேல் தப்பு என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அந்த நகையில் எது தங்கம், எது வாடகைக்கு எடுத்த செட் என்று கேமராவுக்குத் தெரியாது. இன்றைக்கு எத்தனை மணப்பெண்கள் வாடகை நகையில் நிற்கிறார்கள் என்பது மேக்கப் போடுகிறவர்களைக் கேட்டால் தெரியும். இரண்டு வீட்டுச் சண்டையில் போட்டோகிராஃபர் எதற்கு நாட்டாமை செய்ய வேண்டும்? இப்படி யோசித்தால் இரண்டு மூன்று நாள் நன்றாகத் தூக்கம் வரும்.

பிறகு வேறொரு கல்யாணத்தில், பழக்கமான வக்கீல் ஒருவர் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். யார், என்ன என்று சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன். எங்கள் ஆட்களில் பாதிப் பேர், எடுத்தவனுக்குத்தான் படம் சொந்தம் என்று நம்புகிறவர்கள். அவர் நேர்மாறாகச் சொன்னார். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லையென்றால், யார் சொல்லி, யார் காசுக்காகப் படம் எடுக்கப்பட்டதோ அவர்தான் முதல் உரிமையாளர். அப்படியென்றால் நான் செய்தது சரிதான். ரசம் வருகிற வரைக்கும் அந்த நிம்மதி இருந்தது. பாயசம் ஊற்றும்போது அவர் கேட்டார்: "காசு யார் குடுத்தா?"

வீட்டுக்கு வந்து ஜிபேயில் தேடினேன். அட்வான்ஸ் 42,000 மாப்பிள்ளை வீடு. கடைசியில் ரொக்கமாக வந்த 28,000மும் மாப்பிள்ளை வீடு. நடுவில் வந்த 70,000 பெண்ணின் அண்ணன் பெயரில் இருந்தது, ரிசப்ஷன் அன்று சாயங்காலம் அனுப்பியது. கூட்டிப் பார்த்தால் சரிபாதி. அவள் போன் செய்தபோது இது எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வக்கீல் இன்னொன்றும் சொன்னார். கல்யாணத்தில் பெண்ணுக்கு வந்தது, மாப்பிள்ளைக்கு வந்தது என்று தனித்தனிப் பட்டியல் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்திருக்க வேண்டும் என்று 1985லேயே வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் விதி வந்துவிட்டதாம். நான் 20 வருடமாக மண்டபத்தில் நிற்கிறேன். மொய் நோட்டை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், பத்து ரூபாய் பிசகாமல் எழுதுவார்கள். இந்தப் பட்டியலை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. யாரும் எழுதாத அந்தப் பட்டியல்தான் என் டிஸ்கில் நாலு படமாகக் கிடந்திருக்கிறது.

ஃபிலிம் காலத்தில் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது என்று சில நேரம் தோன்றும். என் முதலாளி நெகட்டிவ்களைப் பிஸ்கட் டின்களில் வருடவாரியாக அடுக்கி வைத்திருப்பார். பிரின்ட்டை யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பார், நெகட்டிவை யாருக்கும் கொடுக்க மாட்டார். பெருந்தன்மை ஒன்றும் இல்லை, மறுபிரதிக்கு வருகிறவர்களிடம் காசு பார்க்கலாம் என்பதுதான். ஆனால் பதினைந்து வருடம் கழித்து ஒரு அம்மாள் வந்து, புருஷன் வீட்டில் ஆல்பத்தை எரித்துவிட்டார்கள், ஒரே ஒரு படம் வேண்டும் என்று கேட்டபோது அரை மணி நேரத்தில் தேடி எடுத்தார். யார் ஆர்டர் கொடுத்தது, யார் கையெழுத்து என்று கேட்கவில்லை. அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை, கேட்பதற்குத் தாளும் இல்லை. தாள் இருந்திருந்தால் அவரும் என்னைப் போலத்தான் பேசியிருப்பாரோ என்னவோ.

அழித்த மூன்றாவது வாரம் பெண்ணின் வக்கீலிடமிருந்து, படங்களைப் பாதுகாத்து வைக்கும்படி ஒரு கடிதம் வந்தது. படங்கள் ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டன, எங்களிடம் பிரதி எதுவும் இல்லை என்று பதில் எழுதினேன். அதையே வாட்ஸ்அப்பில் அவளுக்கும் அனுப்பினேன். "சரிண்ணே" என்று வந்தது.

இப்போது அக்ரிமென்ட்டை மாற்றிவிட்டேன். 'பிறகு' என்று திருத்தியாயிற்று. மணமகன், மணமகள் என்று கீழே இரண்டு கோடும் சேர்த்திருக்கிறேன். போன மாதம் ஒரு பெரியவர் அட்வான்ஸ் கொடுக்க வந்தார். "பொண்ணு கையெழுத்து எதுக்குத் தம்பி, அது பெங்களூர்ல இருக்கு. நான் போடறேன்ல, போதாதா?" என்றார். போதும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தத் தாளில் இரண்டு கோடும் காலியாகத்தான் இருக்கின்றன.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அன்றைக்கு மாப்பிள்ளையின் அப்பா கிளம்பிப் போனதும், படங்களை அழித்த என் டிஸ்கைக் கழற்றி மேசையின் இரண்டாவது இழுப்பறையில் போட்டேன். அழித்தாலும், மேலே வேறு எதையும் ஏற்றாத வரைக்கும் அதில் பெரும்பாலும் மீட்டுவிடலாம். கல்யாண வீட்டில் தவறுதலாக ஃபார்மட் ஆன கார்டுகளை எத்தனை தடவை இப்படி மீட்டிருக்கிறோம். பிரதி இல்லை என்று வக்கீலுக்கு எழுதும்போதும் அது அங்கேதான் இருந்தது. மீட்டுப் பார்க்கவில்லை, அதனால் இல்லை என்பது பொய்யாகாது என்று வைத்துக்கொண்டேன்.

ஆவணி பிறந்தால் முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம், டிஸ்க் போதவில்லை. நேற்றுப் பையன் இழுப்பறையைத் திறந்து, "அண்ணே, இந்த நாலு டிபி சும்மாதானே கிடக்கு, எடுத்துக்கவா?" என்றான்.

"இப்ப வேணாம், புதுசு ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றேன்.