மாரிக்கா ஏற்றிய விளக்கு

என் வீட்டுக்காரருக்கு இந்த ஜூலையில் அறுபது நிறைந்தது. ஊரில் ஒரு நன்றித் திருப்பலி, சொந்தபந்தங்களுக்கு ஒரு சாப்பாடு என்று நானும் மகளும் பேசி வைத்திருந்தோம். ருமேனியாவின் தலைநகர் புக்கரெஸ்டில் வேலை பார்க்கும் மகன், "அதெல்லாம் செய்யலாம்மா. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் இங்க கிளம்பி வாங்க. ஆகஸ்ட் பதினஞ்சு மாதா திருநாளுக்கு மலையடிவாரத்துல ஒரு மடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றான். பரலோக மாதா திருநாளை எங்கள் ஊர்க் கோவிலில் கொண்டாடாமல் ஒரு வருடமும் இருந்ததில்லை நான். மனம் ஒப்பவில்லை. பிள்ளை ஆசையாகக் கூப்பிடுகிறானே என்றுதான் கிளம்பினேன்.

புக்கரெஸ்டிலிருந்து ரம்னிக்கு வில்ச்சியா என்ற ஊர் சுமார் 180 கிலோமீட்டர். பாதி தூரம் வரை தட்டையான பூமி, சூரியகாந்தியும் மக்காச்சோளமும்தான். அதன்பிறகு மேடும் பள்ளமும் தொடங்கி, கார்பேத்திய மலைகள் வடக்கே நீலமாக எழும்பி நிற்கின்றன. அந்த மலைகளுக்குள் புகுந்து வருகிற ஓல்ட் நதியின் கரையில் கோசியா மடம் இருக்கிறது. இன்றைய ருமேனியாவின் தென்பகுதியான வாலாக்கியா நாட்டை ஆண்ட முதிய மிர்ச்சியா மன்னர் கட்டியது, 1388-இல் அர்ச்சிக்கப்பட்டது. மன்னரின் கல்லறை கோவிலுக்குள்ளேயே இருக்கிறது. ஆற்றுப் பக்கம் நின்றால், அணை கட்டித் தேக்கியதால் தண்ணீர் அசையாமல் பச்சையாகக் கிடக்கிறது. மடத்தின் மதிலை ஒட்டியே அது நிற்பதைப் பார்த்தபோது, மதிலும் தண்ணீரும் சேர்ந்து ஜெபத்தில் இருப்பதுபோல் எனக்குப் பட்டது. அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை. மாலை ஆராதனைக்குள் ஹொரெசு போய்ச் சேர வேண்டும்.

ஹொரெசு, ரம்னிக்குவிலிருந்து மேற்கே 40 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நாங்கள் தங்கிய வீட்டு அம்மா, நாங்கள் போனதும் மேசையில் மசித்த பீன்ஸ், மேலே வதக்கிய வெங்காயம், மக்காச்சோளக் களி, தக்காளி வைத்தார். பாலில்லை, முட்டையில்லை, இறைச்சியில்லை. ஆகஸ்ட் 1 முதல் 14 வரை மாதாவின் நோன்பு என்று மகன் சொன்னான். அன்று 14. களியைக் கையால் பிட்டுத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார் இவர். அந்த அம்மாவுக்கு அதைப் பார்த்து அத்தனை சந்தோஷம். தானும் கையாலேயே எடுத்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

மடம் ஊரிலிருந்து சிறிது தூரத்தில், மரங்களுக்கு நடுவே. ஆந்தைகளின் பெயர்தான் அந்த இடத்துக்கு. துருக்கியருக்குப் பயந்து இரவில் வேலை செய்தார்களாம், ஆந்தைகள் மட்டும் அலறிக்கொண்டிருந்தனவாம் என்று ஊரில் சொல்கிறார்கள். இன்று அது கன்னியர் மடம். நாங்கள் உள்ளே நுழையும்போது கறுப்பு உடையில் ஒரு இளம் கன்னியர் நீளமான பலகை ஒன்றைத் தோளில் தாங்கி, சிறு மரச்சுத்தியால் தட்டிக்கொண்டே கோவிலைச் சுற்றி வந்தார். அதைத் துவாக்கா என்கிறார்கள். முதலில் மெதுவாக, ஒற்றை ஒற்றையாக விழும் ஓசை. பிறகு வேகம் பிடித்து, ஓட்டில் விழும் மழைபோல் ஆகி, சட்டென நிற்கிறது. நடுவில் தட்டினால் ஒரு ஒலி, ஓரத்தில் தட்டினால் வேறு ஒலி. அவர் கண் பலகையில் இல்லை. நடக்கிற தரையில் இருந்தது. மணியோசை கேட்டுப் பழகிய எனக்கு வெறும் மரம் இப்படி மனிதரைக் கூப்பிடும் என்று அதுவரை தெரியாது.

அன்றிரவு மாதாவின் அடக்கத்தை நினைத்துப் பாடும் புலம்பல். மாதாவின் திருவுருவம் பதித்த துணியை ஏந்தி, திரிகளோடு கோவிலைச் சுற்றி வந்தோம். ஆர்த்தடாக்ஸ் சபையினரான அவர்கள் இந்தத் திருநாளை விண்ணேற்பு என்பதில்லை, மாதாவின் துயில் என்கிறார்கள். கோவிலுக்கு வெளியே திரி ஏற்றும் தகரத் தட்டுகள் இரண்டு. உயிரோடிருப்பவர்களுக்கு ஒன்று, "வீ" என்று எழுதியிருக்கும். மற்றதில் "அதோர்மிட்ஸ்". அதற்கு என்ன அர்த்தம் என்று மகனிடம் கேட்டேன். "தூங்கிட்டவங்கன்னு அர்த்தம்மா" என்றான். நித்திரையடைந்தவர்கள் என்று நாம் கல்லறையில் எழுதுகிறோமே, அதே சொல். அந்தத் தட்டில் என் அப்பாவுக்கும் மாமியாருக்கும் திரி ஊன்றியபோது அது வேறொரு சபையின் கோவில் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

மறுநாள் காலைத் திருவழிபாடு நெடுநேரம் நடந்தது. நடுவில் உட்கார இருக்கைகள் கிடையாது. சுவரோரம் மட்டும் மர ஆசனங்கள், அவை வயதானவர்களுக்கு. நாங்கள் கத்தோலிக்கர்கள், ஆகவே நற்கருணை வாங்கப் போகவில்லை. அந்த வருத்தம் நெஞ்சில் இருந்தது. கடைசியில் ஆசீர்வதித்த அப்பத்துண்டுகளை எல்லோருக்கும் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் நின்ற பாட்டி தன் பங்கை வாங்கி, திரும்பிப் பார்த்து, அதைப் பாதியாகப் பிட்டு என் கையில் வைத்தார். புளித்த மாவின் வாசனையோடு, இன்னும் மெதுவாக இருந்தது அது.

கூட்டம் கலைந்த பிறகுதான் சுவர்களைப் பார்த்தேன். இந்த மடத்தை 1690-இல் தொடங்கியவர் வாலாக்கியாவின் ஆட்சியாளர் கான்ஸ்டான்டின் பிரன்கோவியானு. முன்மண்டபச் சுவரில் அவருடைய குடும்பமே நிற்கிறது. ஜரிகை வேலைப்பாடான நீண்ட அங்கிகளில் தகப்பனோடு மகன்கள், தாய் மாரிக்காவோடு மகள்கள். அவர்களுக்கு 4 மகன்கள், 7 மகள்கள். பெரிய வீட்டுக் கல்யாணத்தில் புகைப்படத்துக்கு நிற்பதுபோல் வரிசையாக நிற்கிறார்கள். எனக்கு அப்போது அவர்கள் கதை தெரியாது. நல்ல குடும்பம் என்று மட்டும் நினைத்தேன்.

அதே மண்டபத்தில் தரையில் ஒரு கல்லறை. பிரன்கோவியானு தனக்காகத் தயார் செய்து வைத்தது. அது காலி.

மகன் சொல்லச் சொல்ல நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். 1688 முதல் 26 ஆண்டுகள் நாட்டை ஆண்டவர் அவர். அச்சுக்கூடங்கள், கோவில்கள், பள்ளிகள் என்று நிறையச் செய்தார். 1714-இல் பரிசுத்த வாரத்தில் துருக்கிய சுல்தானின் ஆட்கள் வந்து அவரைப் பதவியிறக்கிக் குடும்பத்தோடு இஸ்தான்புல்லுக்குக் கொண்டுபோனார்கள். ஏழுகோபுரச் சிறையில் மாதக்கணக்கில் வதைத்தார்கள். விசுவாசத்தை விட்டுவிட்டால் உயிர் மிஞ்சும் என்றார்கள். மறுத்தார். ஆகஸ்ட் 15 அன்று சுல்தான் மூன்றாம் அகமதுவின் கண்முன்னே, முதலில் ஆலோசகர் யானாக்கே வக்கரெஸ்குவின் தலை விழுந்தது. பிறகு கான்ஸ்டான்டின், ஷ்டெஃபான், ராடு, மத்தேயி என்று நான்கு மகன்களும் ஒருவர்பின் ஒருவராக. அத்தனையும் பார்க்க வைத்த பிறகே தகப்பனை வெட்டினார்கள். கடைக்குட்டி மத்தேயி சிறுவன். பயந்துபோனான் என்றும், தகப்பன்தான் அவனைத் திடப்படுத்தினார் என்றும் மரபு சொல்கிறது.

அன்று பிரன்கோவியானுவுக்குச் சரியாக அறுபது வயது நிறைந்த நாள்.

நம் பக்கத்தில் அறுபது நிறைந்தால் பிள்ளைகள் கூடி அப்பாவையும் அம்மாவையும் மறுபடி மாலை மாற்ற வைத்து அழகு பார்ப்பார்கள். போன மாதம் எங்கள் பிள்ளைகளும் அதைத்தான் செய்தார்கள். இவர் அந்தக் காலிக் கல்லறை முன் மண்டியிட்டவர் எழுந்திருக்கவே இல்லை. மகன் போய்ப் பக்கத்தில் மண்டியிட்டான். தகப்பனும் பிள்ளையும் அப்படி ஒன்றாக ஜெபித்து நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

ருமேனிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை 1992-இல் பிரன்கோவியானுவையும் மகன்களையும் வக்கரெஸ்குவையும் புனிதராக அறிவித்தது. மாதா திருநாளோடு சேர்ந்து வருவதால் அவர்கள் விழாவை மறுநாள், 16-ஆம் தேதி கொண்டாடுகிறார்கள். மறுநாள் விழா வழிபாட்டிலும் நின்றோம். ஆனால் என் மனமெல்லாம் அந்தச் சுவரில் இருந்த மாரிக்காவிடம் போய்விட்டது. மரியா என்பதன் செல்லப்பெயர் அது. ஆகஸ்ட் 15 அவருடைய பெயர்கொண்ட திருநாளும்கூட. கணவனுக்குப் பிறந்தநாள், தனக்குப் பெயர் விழா, அன்றைக்கே ஐந்து பேரையும் இழந்தார் அந்தப் பெண். உடல்களைக் கடலில் எறிந்துவிட்டார்களாம். விசுவாசிகள் எடுத்து, அருகில் ஒரு தீவில் இருந்த மடத்தில் மறைவாக அடக்கம் செய்தார்கள். இதற்குமேல் மாரிக்கா என்ன செய்தார் என்று கேட்டேன். "அதைப் புக்கரெஸ்ட்ல காட்டுறேம்மா" என்றான் மகன்.

வழியில் பிஸ்திரித்சா மடம். சுண்ணாம்புக்கல் மலை பிளந்து ஆறு வெளியே வருகிற இடம். அங்கே புனித கிரகோரியின் திருப்பண்டம் வெள்ளிப் பேழையில் இருக்கிறது. அதை வைத்திருந்த துருக்கியன் எடைக்கு எடை பொன் கேட்டானாம். பிரபு சம்மதித்துத் தராசில் வைத்தால், சில காசுகளிலேயே தட்டு சமமாகிவிட்டதாம். நம்பிக் கேட்டேன், நம்பியே எழுதுகிறேன். ஹொரெசுவில் மண்பாண்டக்காரர் வீட்டிலும் நின்றோம். மாட்டுக்கொம்பின் நுனியில் வாத்து இறகின் குழலைச் செருகி, அதன் வழியே சாயத்தைச் சொட்டவிட்டு, தட்டின் நடுவில் சேவல் வரைகிறார்கள். சாயம் காயுமுன் மெல்லிய கம்பி முனையால் ஒரு இழுப்பு, இறகுகள் பிரிந்து வந்துவிடுகின்றன. இறந்தவர்கள் நினைவாகத் தட்டும் உணவும் திரியும் சேர்த்து அக்கம்பக்கத்தாருக்குத் தானம் கொடுப்பார்களாம். நானும் ஒரு தட்டு வாங்கினேன்.

திரும்பும்போது ட்ரகஷானி வழியாக வந்தோம். மேடு மேடாகத் திராட்சைத் தோட்டங்கள். ஆகஸ்ட் 6, ஆண்டவர் உருமாறிய திருநாளில் முதல் திராட்சையைக் கோவிலில் மந்திரித்து வாங்கிச் சாப்பிடுவது இந்த நாட்டு வழக்கம். இங்கே விளைகிற ஒரு வெள்ளைத் திராட்சைக்கு "தமியோசா" என்று பெயர். தூபம் போடும் குந்திரிக்கத்தின் பெயரால் வந்தது. ஒரு பழத்தை வாயில் போட்டுப் பார்த்தேன். இன்னும் புளிப்பு விலகவில்லை. ஆனால் மணம் வந்துவிட்டது.

புக்கரெஸ்டில் புதிய புனித ஜார்ஜ் கோவில், நகரின் நடுவில், டிராம் சத்தத்துக்கு இடையில். ருமேனியாவின் சாலைத் தூரங்கள் அந்தக் கோவில் முன்னிருந்துதான் அளக்கப்படுகின்றன. உள்ளே வலப்பக்கம் ஒரு கல். 1720-இல் மாரிக்கா கணவரின் எலும்புகளை இரகசியமாகக் கொண்டுவந்து இங்கே புதைத்தார். பயத்தினால் கல்லில் பெயர் வெட்டவில்லை. மேலே ஒரு விளக்கு மட்டும் செய்து தொங்கவிட்டார். அந்த விளக்கில், பிரன்கோவியானுவின் எலும்புகள் இருக்குமிடத்தில் இது எரிகிறது என்றும், அவர் மனைவி மரியா செய்து வைத்தது என்றும் சிறிய எழுத்தில் பொறித்திருந்தார். அதை 1914-இல்தான் படித்துக் கண்டுபிடித்தார்கள். 194 ஆண்டுகளாக எத்தனை பேர் அந்த விளக்கின் கீழே நின்று போயிருப்பார்கள்!

வெளியே வந்து திரி வாங்கினோம். இவர் "வீ" தட்டில் மகனுக்கு, மகளுக்கு, மருமகனுக்கு, பேத்திக்கு என்று பெயர் சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாக ஊன்றினார். காற்றடித்தது. அணைந்துவிடாமல் மகன் உள்ளங்கையைக் குவித்துப் பிடித்தான். கையில் ஒரு திரி மிச்சம் இருந்தது. "யாருக்கு?" என்று என்னிடம் நீட்டினார். மரியா என்று வாய்விட்டுச் சொல்லி ஏற்றினேன்.