மூன்றாவது விசை

மார்ச் 2
இரண்டு பேர் ஆடும் ஆர்கேடு வீடியோ கேம் பெட்டி கட்டுகிறேன். ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் உட்காரும் பேனலுக்கு அட்டையில் மாதிரி வெட்டியாச்சு. 30 மி.மீ. பட்டன்களுக்கு மையத்துக்கு மையம் 34 வைத்தால் விரல் இடிக்கிறது. 38 சரி.

மார்ச் 3
12 மி.மீ. ப்ளைவுட். துளை போடும்போது அடியில் ஒரு கழிவுப் பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்காவிட்டால் பின்பக்கம் சிம்பு சிம்பாகப் பிய்கிறது. இந்தத் தடிமனுக்கு நட்டு முறுக்கும் பட்டன்தான். அழுத்திச் செருகும் வகை மெல்லிய தகட்டைத்தான் கவ்வும்.

மார்ச் 5
பட்டன்களைப் பழைய கீபோர்டின் போர்டில் இணைத்து ஆடிப் பார்த்தேன். இடது, மேல், குதி. மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குதி வரவில்லை.

மார்ச் 6
இன்றும் குதி. கீபோர்டு போர்டில் வயர் பற்றவைப்பது செலவில்லாத வழிதான். ஆனால் உள்ளே இருப்பது குறுக்கும் நெடுக்குமான கம்பி வலை, ஒவ்வொரு சந்திப்பும் ஒரு விசை. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளை அழுத்தினால் மின்சாரம் சுற்றி வந்து நாலாவது மூலையையும் அழுத்தியதாகக் காட்டும். அந்தப் பொய்யைத் தவிர்க்கத்தான் கீபோர்டு மூன்றாவது விசையையே விழுங்கிவிடுகிறது. ஒவ்வொரு பட்டனுக்கும் மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் 1என்4148 டையோடு போடலாமா என்று மாலை முழுக்க யோசனை. போட்டாலும் பலனில்லை, உள்ளே இருக்கும் சிப் செவ்வகத்தைக் கண்டால் தடுக்கத்தான் செய்யும்.

மார்ச் 9
கீபோர்டுக்குப் பதில் ராஸ்பெர்ரி பை பிகோ, நாமே நிரல் எழுதும் சின்ன போர்டு. இணைப்புக்கு 26 பின்கள். ஆளுக்கு 4 திசை, 6 பட்டன், ஸ்டார்ட், காயின். இரண்டு பேருக்கு 24. வலையே வேண்டாம். பட்டனின் ஒரு கால் தனிப் பின்னுக்கு, மறு கால் எல்லாவற்றுக்கும் பொதுவான கிரவுண்டுக்கு, சங்கிலி மாதிரி ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு. அழுத்தாதபோது பின்னை மேல்நிலையில் பிடித்து வைக்கும் புல்-அப் உள்ளேயே இருக்கிறது.

மார்ச் 10
குதிக்கிறது! மூன்றும் சேர்ந்து!

மார்ச் 11
குதிக்கிறது, தாமதமாக. பட்டனையும் திரையையும் ஒரே சட்டத்தில் வைத்து, விநாடிக்கு 240 பிரேமில் படம் பிடித்து எண்ணினேன். காரணம் பிகோவில் ஓடும் சர்க்யூட்பைத்தான் நிரல்மொழியின், பட்டன்களைப் படிக்கும் கீபேட் மாட்யூல்: சொல்லாவிட்டால் 20 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் பட்டனைப் பார்க்கும். ஆட்டத்தின் ஒரு பிரேமே 16.7தான். இடைவெளியை 0.001 விநாடி ஆக்கினேன், பட்டனுக்குள் இருக்கும் மைக்ரோசுவிட்சின் தொடுமுனை துள்ளி ஒரு அழுத்தம் இரண்டானது. 0.005இல் நிற்கிறது.

மார்ச் 12
ஆட்டம் ஓடும் ராஸ்பெர்ரி பையின் திரையில் மின்னல் குறி, மின்னழுத்தம் போதவில்லை என்று. 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறது. அடாப்டர் நல்லது, கேபிள்தான் மெல்லிசு.

மார்ச் 14
மானிட்டர் 1280×1024. ஆட்டத்தை 320×256இல் வரைந்தால் சரியாக 4 மடங்கு, பிக்சல் பிசிறே இல்லை. எவ்வளவு அழகு! ஆனால் விநாடிக்கு 600 பிக்சல் ஓடும் குண்டு, ஒரு பிரேமுக்கு 10 தாண்டுகிறது. 8 பிக்சல் சுவரை ஊடுருவிப் போகிறது. நகர்வையும் மோதலையும் 1/120 விநாடிப் படிகளாகப் பிரித்தேன். இப்போது 5. சுவர் தடுக்கிறது.

மார்ச் 16
மறுபடி குதி வரவில்லை. இந்த முறை இரண்டாம் ஆளின் பக்கம் மொத்தமும். வயர் செருகும் பட்டன் காது 2.8 மி.மீ., நான் செருகியது 4.8 மி.மீ. கனெக்டர். கிரவுண்டு சங்கிலியில் ஒன்று கழன்றதால் அதற்குப் பின்னால் எல்லாம் செத்தது. கடைசி முனையையும் பிகோவின் கிரவுண்டுக்கு இழுத்து வளையமாக்கினால் ஒன்று போனாலும் மற்றவை பிழைக்கும்.

மார்ச் 17
வளையம் போட்டாச்சு. 8 திசை ஜாய்ஸ்டிக்கில் பாக்-மேன் மூலையில் திரும்பாமல் முட்டி நிற்கிறது. அடியில் இருக்கும் தடுப்புத் தகட்டை 4 திசைக்குத் திருப்ப வேண்டும்.