க்னோம் சுழல் எஞ்சின் மாதிரி: ஐந்தாம் மாதக் குறிப்பு

நேற்று இரவு ஏழு சிலிண்டர்களும் முதன்முறையாக ஒன்றாகச் சுற்றின. பலகையில் இறுக்கிய கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்கள் இணையும் மையத் தண்டு) அசையாமல் நிற்க, அதைச் சுற்றி எஞ்சினே ராட்டினம்போல் சுழல்வதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் செய்வது 80 குதிரைத்திறன் க்னோம் லாம்டா என்ற பழைய விமான எஞ்சினின் கால் அளவு மாதிரி. மூல எஞ்சினில் சிலிண்டர் உள்விட்டம் 124 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 140 மி.மீ. என்னுடையதில் 31, 35. உள்ளே எதுவும் எரிவதில்லை. சிறிய மின்மோட்டார்தான் அதைச் சுழற்றுகிறது. முதல் உலகப் போரில் பிரிட்டனின் ஆவ்ரோ 504 விமானங்களில் இந்த எஞ்சின் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் ஜெர்மனியின் ஓபரூர்சல் ஆலை செய்த இதன் நகல், ஃபோக்கரின் ஒற்றை இறக்கை விமானத்தில் பறந்தது.

அந்தக் காலத்தில் காற்றால் குளிரும் எஞ்சின்கள் வானில் சற்று நேரத்திலேயே சூடேறித் திணறின. தண்ணீரால் குளிர்விக்கலாம் என்றால் ரேடியேட்டரும் தண்ணீரும் விமானத்துக்குச் சுமை. க்னோம் எஞ்சினை உருவாக்கிய பிரான்சின் செகேன் சகோதரர்கள் சிலிண்டர்களையே சுழலவிட்டார்கள். காற்று தானாகக் கிடைத்தது, சுழற்சியைச் சீராக்கும் எடைமிக்க ஃப்ளைவீல் சக்கரமும் தேவைப்படவில்லை. 1909 ஆகஸ்டில் ரான்ஸ் நகரில் ஆன்றி ஃபார்மன் 180 கி.மீ. பறந்து பரிசு வென்றது இவர்களுடைய 50 குதிரைத்திறன் ஒமேகா எஞ்சினால்தான்.

இனி என் பட்டறைக் கதை. போன மாதம் நிமிடத்துக்கு 600 சுற்றுக்குக் கொண்டுபோனதும் மேசை முழுவதும் அதிர்ந்தது. பேரிங்கைச் சந்தேகித்து இரண்டு நாள் வீணாயிற்று. கடைசியில் ஒவ்வொரு சிலிண்டராகக் கழற்றி நகைத் தராசில் நிறுத்தபோது, நான்காவது மட்டும் 3 கிராம் அதிகம். மையத்திலிருந்து 9 செ.மீ. தூரத்தில், 600 சுற்றில், அந்த 3 கிராம் 100 கிராமுக்கு மேல் இழுக்கிறது. நிஜ எஞ்சின் 1200 சுற்றில் ஓடியது. அங்கே 35 செ.மீ. தூரத்தில் இருக்கும் ஒரு கிலோ இரும்பு, அரை டன்னுக்கு மேல் வெளிப்புறம் இழுக்கும். கணக்கைப் போட்டு முடித்ததும் அந்தக்கால ஃபிட்டர்களை நினைத்துக் கும்பிடத் தோன்றியது. சிலிண்டரைக் குளிர்விக்கும் வெளித் துடுப்புகளில் மெல்ல அரம் போட்டு எடையைச் சமன் செய்தேன். அதிர்வு நின்றுவிட்டது.

அடுத்து, எடையைக் குறைக்க அவர்கள் செய்த துணிச்சல் எனக்குப் புரிய வேண்டியிருந்தது. நிக்கல் எஃகுக் கட்டியைக் கடைந்து, சுமார் 1.5 மி.மீ. சுவர் கொண்ட சிலிண்டர் எடுத்தார்கள். மூல எஞ்சினின் அதே 124 மி.மீ. உள்விட்டத்தில், அதே கனத்தில், 30 மி.மீ. அகல எஃகு வளையம் ஒன்று கடைந்து தரும்படி லேத் பட்டறை அண்ணனிடம் கேட்டேன். "தம்பி, சக்கில் (லேத்தின் பிடியில்) பிடித்தாலே வட்டம் போய்விடும்" என்றார். அப்படியே ஆயிற்று. சக்கை விட்டதும் முதல் வளையம் மூன்று பக்கம் புடைத்துக்கொண்டது. இரண்டாவதை மரக்கட்டையில் செருகிக் கடைந்தார், அது தேறியது. அதை இரு கைகளாலும் அழுத்தி வெர்னியரில் பார்த்தேன்: ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் அமுங்கியது. எஃகு, கைக்கு வளைகிறது! நிஜ சிலிண்டருக்குத் துடுப்புகளும் மூடிய தலையும் வலு சேர்த்தாலும், சுழலும்போது முன்பக்கம் குளிர்ந்து பின்பக்கம் சூடேறி வட்டம் கெடும். அதனால்தான் வாயு கசியாமல் அடைக்க, சாதாரண வார்ப்பிரும்பு வளையத்தை நம்பாமல், சுவரோடு ஒட்டி வளைந்துகொடுக்கும் மெல்லிய பித்தளை வளையத்தைப் பிஸ்டனில் போட்டார்கள். அதுவும் அடிக்கடி உடைந்தது.

எண்ணெய்ச் சோதனை சமையலறையில் நடந்தது. இந்த எஞ்சினில் பெட்ரோல் கலவை கிராங்க் பெட்டி வழியாகவே சிலிண்டருக்குப் போகிறது. சாதாரண எண்ணெய் அதில் கரைந்து நீர்த்துவிடும். ஆமணக்கெண்ணெய் அவ்வளவாகக் கரையாது என்பதால் அதைத் தேர்ந்தார்கள். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் சோதனைக்கு மண்ணெண்ணெய் எடுத்தேன். ஒரு கண்ணாடிக் குப்பியில் கடலை எண்ணெய், இன்னொன்றில் ஆமணக்கெண்ணெய், இரண்டிலும் ஐந்து பங்கு மண்ணெண்ணெய். நன்றாகக் குலுக்கி வைத்தேன். காலையில் கடலை எண்ணெய் இருந்த சுவடே இல்லை. ஆமணக்கெண்ணெய் அடியில் தேன்போலத் தனியே படிந்திருந்தது. நிஜ எஞ்சினில் உராய்வைத் தாங்கிய அந்த எண்ணெய் திரும்பிச் சேகரமாகாமல் புகையோடு வெளியே தெறித்து, விமானியின் முகத்திலும் உடையிலும் படிந்தது.

அடுத்த வேலைதான் எனக்குப் பயம் தருவது. லாம்டாவில் கலவையைச் சிலிண்டருக்குள் விடும் உள்ளிழுப்பு வால்வு பிஸ்டன் தலையிலேயே இருக்கிறது. சுழலும் வேகம் அதைத் தானாகத் திறக்கப் பார்க்கும் என்பதால், எதிர் எடைகள் வைத்துச் சமன் செய்தார்கள். வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால், சிலிண்டரின் தீ கலவை நிறைந்த கிராங்க் பெட்டிக்குள் பாயும். 1913இல் வந்த மோனோசுபாப் என்ற க்னோம் எஞ்சினில் இந்த வால்வையே எடுத்துவிட்டு, சிலிண்டரின் அடிச்சுவரில் துளைகள் வைத்தார்கள். நான் பழைய முறையையே செய்து பார்க்கப்போகிறேன். பித்தளைத் தகட்டில் முதல் வால்வை வெட்டிவிட்டேன். எதிர் எடைக்கு ஈயக்குண்டு போதுமா என்று இந்த ஞாயிறு தெரியும்.